கண்ணாயி நேர்ந்துவிட்ட கெடா

கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டில் பஸ் எட்டிப் பார்க்காத ஒரு சிற்றூரில் கண்ணாயி இருக்கிறாள். ஆதார் அட்டைப்படி அவள் பிறந்தது ஜூன் ஒன்று. அவளோடு படித்த பதினோரு பேருக்கும் அதே ஜூன் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் அத்தனை பேரையும் ஒரே நாளில் பெற்றுப் போட்டுவிட்டு மத்தியானம் சாப்பிடப் போயிருக்கிறார்.

நிஜத்தில் அவள் பிறந்தது ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள். கல்யாணம் ஆனது தை நோம்பி முடிந்த வாரம். மகன் யுவராஜ் பிறந்தது தீபாவளியன்று. வெளியே வெடிச் சத்தம், உள்ளே இவள் சத்தம், எது எதென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். அந்த ஊரில் பண்டிகை என்ற சொல் டிவியில்தான் கேட்கும். பொங்கலோ தீபாவளியோ மாரியம்மன் திருவிழாவோ, எல்லாமே நோம்பிதான். தேதியை வைத்துக் கேட்டால் கண்ணாயிக்கு ஒன்றும் வராது. நோம்பியை வைத்துக் கேட்டால் அன்றைக்கு மழை பெய்ததா, யார் வீட்டில் குழம்பு தீய்ந்தது என்பது வரைக்கும் சொல்லுவாள்.

புருஷன் அர்த்தனாரி போர் வண்டியில் வேலை. சத்தீஸ்கர், மகாராஷ்டிரா என்று எங்கேயாவது பூமியை ஓட்டை போட்டுக்கொண்டிருப்பார். வருஷத்துக்கு இரண்டு நோம்பிக்கு வருவார். மற்ற நாளெல்லாம் மரவள்ளிக் காடும் சாமைக் கொல்லையும் மரத்தில் ஏறிய மிளகுக் கொடியும் கண்ணாயியின் பொறுப்பு. அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. அவள் வெங்காயம் உரித்தால் வெங்காயம்தான் அழும் என்பார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரு பொய் சொன்னாள். அது ஒரு ஆட்டைப் பற்றிய பொய்.

முந்தின வருஷம் ஆடி மாதம், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு யுவராஜ் ஓட்டி இறங்கிய முதலாளியின் பிக்கப் வண்டிக்கு நாற்பத்திரண்டாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு போய் ஒரு பலா மரத்தில் சாய்ந்து நின்றது. மரம் இல்லையென்றால் அடுத்த வளைவு வரைக்கும் குறுக்கு வழியில் போயிருப்பான். கை உடைந்தது; உயிர் நின்றது. சேதி கேட்ட கண்ணாயி ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பு கருப்பனார் கோயிலுக்குப் போனாள். ஒரு ரூபாய் காசை மஞ்சள் துணியில் முடிந்தாள். கெடாக்குட்டி ஒன்றை நேர்ந்து விடுகிறேன், வளர்ந்ததும் தை நோம்பிக் கரிநாளில் வெட்டுகிறேன் என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றுமில்லை. கெடா வெட்டுகிற வரைக்கும் மகன் ஸ்டீரிங்கைத் தொடமாட்டான் என்று ஒரு வரி சேர்த்தாள். கருப்பனார் கேட்கவேயில்லை. இவளாகத்தான் சேர்த்தாள்.

ஆவணியில் குட்டியை விட்டாள். முழுக் கறுப்பு, இடது பின்னங்காலில் மட்டும் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை. காது நுனியில் ஒரு வெட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறும் மணியும். சாமிக்கெடாவை யாரும் கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது. அந்தக் கெடாவுக்கு இந்தச் சட்டம் யாரோ படித்துக் காட்டியிருக்க வேண்டும். யார் வீட்டு அவரைப் பந்தலிலும் ஏறும். காயப்போட்ட மிளகின் மேல் படுக்கும். ரேஷன் கடை வரிசையில் முன்னால் போய் நிற்கும். ஆட்கள் கையைக் கூப்பிக்கொண்டே பல்லைக் கடிப்பார்கள்.

யுவராஜ் வீட்டில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்தான். கை சேர்ந்து ஒரு வருஷம் ஆன பிறகும் உரித்தான். தூரத்தில் வண்டி ஏறும் சத்தம் கேட்டால் கத்தியை நிறுத்திவிட்டு எந்த கியர் என்று மெதுவாகச் சொல்லுவான். வண்டிக்கார முதலாளி மாதம் ஒரு தடவை போன் பண்ணுவார். தைக்கு அப்புறம் வாரேனுங்க என்று ஒரே பதிலைச் சொல்லுவான். கண்ணாயி இதையெல்லாம் பார்க்காதவள் போல அடுப்பை ஊதுவாள்.

அப்புறம் கார்த்திகை தீபத்துக்கு அடுத்த நாள் கெடாவைக் காணவில்லை.

கண்ணாயி இரண்டு நாள் தனியாகத் தேடினாள். ஊருக்கு மேற்கே பாறைச் சரிவுக்குக் கீழே பள்ளத்தில், புதருக்குள் மணி மட்டும் கிடந்தது. பாறையில் கொஞ்சம் ரத்தமும் கறுப்பு மயிரும் ஒட்டியிருந்தன. கெடா விழுந்து செத்து, நரியோ செந்நாயோ இழுத்துப் போயிருக்கும் என்று நினைத்தாள். நேர்ந்துவிட்ட கெடா வெட்டுக்கு முன்னால் செத்தால் சாமி அந்த வேண்டுதலை ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். புதுக் குட்டி விட வேண்டும். அது வளர இன்னொரு ஒன்றரை வருஷம். அதுவரைக்கும் யுவராஜ் கிழங்கு உரிக்க வேண்டும். கண்ணாயி மணியை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

வைத்திருந்த பழைய மிளகு மூட்டையை விற்றுவிட்டு, அடிவாரத்து ஆட்டுச் சந்தைக்குப் போய் ஜாபர் உசேனைப் பார்த்தாள். அவர் மூன்று தலைமுறையாக ஆட்டு வியாபாரம். யுவராஜ் கெடாவோடு எடுத்த செல்பி அவள் போனில் இருந்தது. அதைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்றாள்.

ஜாபர் உசேன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். “ஏனுங்கம்மா, போட்டோ காட்டி மாப்ள பாக்கறவங்களப் பாத்துருக்கேன். ஆடு பாக்கறது நீங்க ஒருத்தருதானுங்க,” என்றார்.

நாலு ஆட்டுப்பட்டி தேடி ஒன்றைக் கொண்டுவந்தார். அதே கறுப்பு, அதே உயரம், அதே திமிர். ஒரு வெள்ளைக் கால். ஆனால் வலது கால். ஆட்டின் காலையெல்லாம் எவன் இடது வலது பார்க்கப் போகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓட்டி வந்தாள். காட்டுக்குள் வைத்து பிளேடால் காதை வெட்டினாள். பழைய மணியைக் கட்டினாள். சாயங்காலம், எங்கேயோ மேயப் போய்விட்டு வந்ததைப் போலத் தெருவில் விட்டாள்.

பார்த்தவர்கள் எல்லாரும், வந்துட்டானா என்று பழைய எரிச்சலோடுதான் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் வேறு மாதிரி பார்த்தார். அவர் கருப்பனார் கோயில் பூசாரி அப்பாசாமி. அறுபது வயது. வெட்டுக்கு நிற்கும் ஆட்டின் மேல் தீர்த்தம் தெளிப்பது அவர் கைதான். அன்றைக்கு அவர் தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கெடாவைப் பார்த்ததும் டம்ளர் கீழே விழுந்தது.

மறுநாளிலிருந்து அப்பாசாமியின் நடப்பே மாறிப்போனது. கெடா எதிரே வந்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். சீப்புச் சீப்பாக வாழைப்பழம் கொண்டுவந்து ஊட்டினார். “சாப்புடு சாமி,” என்று ஆட்டிடம் பேசினார். ஒரு நாள் குனிந்து அதன் பின்னங்கால்களை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பூசாரிக்குத் தெரிந்துவிட்டது, கரிநாளன்று ஊர் நடுவில் வைத்துக் கேட்கத்தான் பொறுத்திருக்கிறார் என்று கண்ணாயி முடிவுக்கு வந்தாள். அவரைப் பார்த்தால் இவள் ஒதுங்கினாள். கெடாவைப் பார்த்தால் அவர் ஒதுங்கினார். கெடா ஒருவருக்காகவும் ஒதுங்கவில்லை, வாழைப்பழத்தில் கொழுத்தது.

தை வந்தது. போகியன்று பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் கொத்தாகச் சேர்த்துக் கட்டி, வாசல் கூரையிலும் மாட்டுக் கொட்டகையிலும் கிணற்றடியிலும் செருகினார்கள். இளைஞர் மன்றத்து முரளி தன் பைக் கண்ணாடியிலும் ஒரு கொத்துக் கட்டினான். மறுநாள் புதுச் சாமை அரிசியில் பொங்கல். மூன்றாம் நாள் மாட்டுக்கு. கொம்புக்கு பெயின்ட் அடித்து, மந்தையில் எருதாட்டம் விட்டார்கள். எருது முன்னால் ஓடியவர்களில் பாதிப் பேர் வீரர்கள், மீதிப் பேர் நகர இடமில்லாமல் மாட்டிக்கொண்டவர்கள். அர்த்தனாரி இந்தத் தடவை வரவில்லை. எண்ணூறு அடியில் பைப் சிக்கிக்கொண்டதாம். சாமிகிட்ட நல்லபடியா சொல்லு என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். யுவராஜ் வண்டி ஓட்டச் செருப்புக்குப் பதிலாக வாங்கி வைத்திருந்த புது ஷூவை இரண்டு தடவை எடுத்துத் துடைத்ததைக் கண்ணாயி பார்த்தாள்.

அதற்கும் அடுத்த நாள் கரிநாள்.

கரிநாளில் ஆட்டை இழுத்துவந்து உடனே வெட்டிவிட முடியாது. ஆடு சம்மதிக்க வேண்டும். பூசாரி மூன்று விரலால் தீர்த்தம் தெளிப்பார். ஆடு தலையைச் சிலுப்பி உடம்பை உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது. சிலுப்பாவிட்டால் அந்த வீட்டிலோ ஊரிலோ யாரோ எதையோ மனதில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு மறுபடியும் தெளிப்பார்கள். மூன்று தடவையும் சிலுப்பாவிட்டால் ஆடு வீட்டுக்குத் திரும்பிவிடும், வேண்டுதல் அந்தரத்தில் நிற்கும்.

அன்றைக்கு முதலில் நின்ற நாலு ஆடுகளும் நல்ல பிள்ளைகள். தண்ணீர் பட்டதும் சிலுப்பின. அஞ்சாவதாகக் கண்ணாயியின் கெடா. மாலையைப் போட்டதும் அதில் ஒரு சாமந்தியைத் தின்றுவிட்டு நின்றது. அப்பாசாமி செம்போடு வந்தார். அவர் கை கிடுகிடுவென்று ஆடியது. தெளித்த தண்ணீர் முரளியின் சட்டையில் விழுந்தது. பஞ்சாயத்துப் பேசும் ஊர்க்கவுண்டர் மேல் விழுந்தது. கெடாவின் மேல் விழவேயில்லை. கெடா அசையாமல் நின்று அப்பாசாமியையே பார்த்தது. வாழைப்பழம் எங்கே என்று கேட்பது போல இருந்தது.

கூட்டத்தில் யாரோ, மனசுல இருக்கறத சொல்லுங்கப்பா, அடுப்புல சட்டி காயுது என்றார்கள்.

கண்ணாயி புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்ற பயத்துக்குக் கீழே இன்னொன்று இருந்தது. கெடா சிலுப்பவில்லை என்றதும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகி உட்கார்ந்தது. அது நிம்மதி என்று தெரிந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

முதலில் பக்கத்து வீட்டு சுகுணா முன்னால் வந்தாள். தன் அவரைக் கொடியைத் தின்ற கோபத்தில் இந்தக் கெடா மேல் கொதிக்கிற கஞ்சித் தண்ணியை ஊற்றிவிட்டதாகச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்து முரளி. தீபாவளிக்கு அதன் வாலில் ஒரு சரம் ஊசிப் பட்டாசு கட்டியது தான்தான் என்றான். ரேஷன் கடைக்காரர் ஒரு தடவை எடைக்கல்லால் எறிந்ததை ஒத்துக்கொண்டார். கல் திரும்பக் கிடைத்ததா என்று யாரோ கேட்டார்கள். இப்படியே போனால் ஊரில் அந்தக் கெடாவை அடிக்காதவர்களை எண்ணிவிடுவதுதான் சுலபம் என்று தோன்றியது.

அப்பாசாமி இரண்டாவது தடவை செம்பை எடுத்தார். எடுத்தவர் தெளிக்கவில்லை. செம்போடு கெடாவின் காலில் விழுந்தார்.

“சாமி, என்னால முடியாது. உன்னையத்தான் நான் தின்னுபோட்டனே,” என்றார்.

கூட்டத்துக்குப் புரியவில்லை. அவருக்கு வெயில் தாக்கிவிட்டது என்று ஒருவர் விசிறப் போனார். ஊர்க்கவுண்டர் அவரைத் தூக்கி உட்காரவைத்து, நிதானமாகச் சொல்லச் சொன்னார்.

“கார்த்திகை தீபத்துக்கு மறுநாளுங்க. பாறைக்குக் கீழ செத்துக் கெடந்துச்சு. இன்னும் சூடு ஆறல. சாமிக்கு நேந்ததுன்னு தெரியும். கறின்னும் தெரியுமில்லீங்க. மண்ணுக்குள்ள போறத நாம தின்னா என்னன்னு, நானும் எம் மச்சானும் காட்டுலயே அடுப்பு மூட்டித் தின்னுபோட்டோமுங்க. மணிய நானே என் கையால பள்ளத்துல வீசுனேன். ஒரு வாரங்கூட ஆகலீங்க, அதே மணியக் கட்டிக்கிட்டுத் தெருவுல எதுக்கால வருது. கால மாத்திக்கிட்டு வந்துருக்குதுங்க. எனக்குத் தெரியட்டும்னுதான் மாத்திக்கிட்டு வந்துருக்குது.”

எல்லாரும் கெடாவிடமிருந்து ஒரு அடி தள்ளி நின்றார்கள். முரளி இரண்டு அடி.

கண்ணாயிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஒன்றரை மாதமாக இவளை மிரட்டிய மனுஷன் அதைவிட அதிகமாக மிரண்டு போயிருந்திருக்கிறார். சும்மா இருந்தால் அவர் பைத்தியமாகிவிடுவார் போலிருந்தது. சொன்னால் யுவராஜின் ஒன்றரை வருஷம் போய்விடும். அவள் அப்பாசாமியின் முகத்தைப் பார்த்தாள். எச்சில் ஒழுகி, தாடியில் மண் ஒட்டியிருந்தது.

“அது திரும்பி வரலீங்க அண்ணா. நாந்தான் சந்தையில வாங்கிட்டு வந்தேன்,” என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மணி கிடைத்தது, போட்டோ காட்டியது, பிளேடு. எதையும் விடவில்லை, எதற்கும் அழவில்லை. சொல்லி முடித்து மகன் பக்கம் திரும்ப அவளுக்குக் கழுத்து வரவில்லை.

யுவராஜ்தான் பேசினான். “எனக்கு மொத நாளே தெரியும்மா. வெள்ளைக் காலு மாறியிருந்துச்சு.”

“ஏஞ் சாமி சொல்லல?” என்று மகனைக் கேட்டாள்.

“நீ எனக்குன்னுதான செஞ்ச.”

அப்பாசாமி உட்கார்ந்த இடத்திலிருந்தே கெடாவின் வலது காலைத் தொட்டுப் பார்த்தார். வெறும் ஆடுதான் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் ஒரு பூசாரிக்குக் கொஞ்சம் அதிகம். உடனே, இதற்கு ஊட்டிய வாழைப்பழமெல்லாம் வீணா என்று ஒரு வருத்தமும் வந்தது.

ஆனால் ஊருக்கு இப்போது வழக்கு பெரிதாகிவிட்டது. நேர்ந்த கெடா வேறு, நிற்கிற கெடா வேறு. வேண்டுதல் இருக்கிறதா, போய்விட்டதா? பசியிலிருந்த முரளி, பூசாரி தின்னா சாமி தின்ன மாதிரிதானுங்களே என்று ஆரம்பித்தான். அப்ப பூசாரி பரீட்சை எழுதுனா நீ பாஸாயிருவியா என்று ஊர்க்கவுண்டர் அவனை உட்காரவைத்தார். புதுக் குட்டி விட வேண்டும் என்று ஒரு பக்கம். ஏமாற்றிக் கொண்டுவந்தாலும் காது வெட்டி மணி கட்டி ஊரெல்லாம் மேய்ந்த பிறகு இதுவும் சாமிக்கெடாதான் என்று இன்னொரு பக்கம். கடைசியில், ஒளித்ததையெல்லாம் சொல்லியாகிவிட்டது, எடுத்த செம்பும் ஒரு தடவைக் கணக்குதான், மூன்றாவது தடவை தெளித்துப் பார்ப்போம், சாமியே சொல்லட்டும் என்று முடிவானது.

அப்பாசாமி இந்தத் தடவை கை நடுங்காமல் தெளித்தார். தண்ணீர் சரியாகக் கெடாவின் பிடரியில் விழுந்தது. கெடா நின்றது. காதை ஒரு தடவை ஆட்டியது. காது கணக்கில் வராது. கெடா அசைபோட்டது.

யாரும் எதிர்பார்க்கவில்லை. யுவராஜ் பொங்கல் வைக்க நிரப்பி வைத்திருந்த பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, குடத்துத் தண்ணீர் அவ்வளவையும் கெடாவின் தலையில் கவிழ்த்தான்.

கெடா சிலுப்பியது. தலை, முதுகு, வால் என்று மொத்தமும் உதறியதில் முன்வரிசை பூராவும் நனைந்தது. தை மாதத்துக் கொல்லிமலைத் தண்ணீர். ஒரு குடம் ஊற்றினால் கலெக்டர்கூடச் சிலுப்பத்தான் செய்வார்.

பாதிக் கூட்டம் குலவை போட்டது. மீதிக் கூட்டம், மூன்று விரல்தான் கணக்கு, குடம் கணக்கில்லை என்றது. ஊர்க்கவுண்டர் மூக்கு நுனியில் சொட்டிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

“நேந்தவ சொல்லட்டும். கண்ணாயி, இது செல்லுமா, செல்லாதா? நீ சொல்றதுதான்,” என்றார்.

செல்லாது என்று ஒரு வார்த்தை. சொன்னால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். முறை அவள் பக்கம் இருந்தது. புதுக் குட்டி விடலாம். இன்னும் ஒன்றரை வருஷம் மகன் ராத்திரி வீட்டில் சாப்பிடுவான். போன் அடித்தால் பயமில்லாமல் எடுப்பாள். மழை பெய்தால் மழை மட்டும்தான் பெய்யும்.

யுவராஜ் காலிக் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் அவளுக்குத் திட்டச் சௌகரியமாக இருந்திருக்கும். இருபத்து நாலு வயது. இவ்வளவு நாளாக இவன் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் கேட்டதெல்லாம் இந்த ஒரு குடம்தான்.

“செல்லுமுங்க,” என்றாள்.

குரல் சின்னதாக வந்தது. ஊர்க்கவுண்டருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாக் கரிநாளிலும் நடப்பதுதான். கெடாவின் கருத்தை யாரும் கேட்கவில்லை. மதியம் தாண்டித்தான் இலை போட்டார்கள். சாமைச் சோறு, கறிக்குழம்பு, ரத்தப் பொரியல். அப்பாசாமி மட்டும் கறி வேண்டாம் என்று ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். கண்ணாயி கரண்டியோடு வரிசையில் வந்தாள். சுகுணாவுக்கு எலும்பாகப் பார்த்துப் போட்டாள். கஞ்சித் தண்ணிக்கு அது போதும். யுவராஜின் இலைக்கு வந்தபோது ஈரலைத் தேடி எடுத்துப் போட்டாள். அவன் குனிந்து சாப்பிட்டான். பாதியில் நிறுத்தி, இடது கையால் சட்டைப் பையைத் தொட்டான்.

“மொதலாளிகிட்ட, வாரேன்னு சொல்லிரட்டுமா?” என்றான்.

வண்டி, வளைவு, பிரேக், மழை என்று அவளிடம் கேட்க நிறைய இருந்தது. கரண்டி நிறையக் குழம்பை அவன் சோற்றின் மேல் ஊற்றினாள்.

“தின்னு முடி. கையக் கழுவிட்டுப் பேசு சாமி. போனெல்லாம் எண்ணெயாயிரும்,” என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.